அம்மா குக்கரிடம் பேசுகிறாள்

கூட்டத்தை விட்டு வந்துவிட்டேன் என்று யாரிடமாவது வாய்தவறிச் சொன்னால் போதும், கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. சொத்தை எழுதி வாங்கினார்களா, அறையில் பூட்டி வைத்தார்களா, தலைவருக்கு எத்தனை மனைவி. வெலிங்டன் தீவில் நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சினிமா பார்க்க உட்கார்ந்தவளைப் போலக் கேட்பாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, பாட்டு கேட்கக் கூடாது என்றார்கள், அதனால் வந்துவிட்டேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "அத்ரேயுள்ளோ?" என்றாள். அவ்வளவுதானா என்று கேட்க இவள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டை முழுதாகக் கேட்காமல் முப்பது வயதைத் தாண்டியவளிடம் கேட்கிற கேள்வியா அது?

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். "விட்டது நல்லதாப் போச்சு" என்று சந்தோஷப்பட்டுவிட்டு, அதே மூச்சில் தங்கள் இடத்துக்கு அழைப்பவர்கள். ஒருத்தி அவள் கோயிலுக்குக் கூப்பிட்டாள், ஒருவர் தியானத்துக்குக் கூப்பிட்டார், மூச்சுப் பயிற்சிக்கு ஒரு தம்பதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தூங்கப் போகிறேன் என்று சொன்னால் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். இவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்கிறது.

வெளியார் பிரார்த்தனைச் சபை என்பதை நாங்கள் கூட்டம் என்றுதான் சொல்வோம். எங்கள் குடும்பம் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தது. அப்பா நகரசபையில் துப்புரவு வேலையில் இருந்தார். அவர் இறந்தபோது அரிசியோடும் பாயோடும் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் கூட்டத்து அக்காமார். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காத வீட்டில் அவர்கள் பதினாறு நாளும் இருந்தார்கள். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. அம்மா அன்றைக்கு அவர்கள் கையைப் பிடித்தவள், பிறகு விடவே இல்லை. நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனவள்தான்.

என்ன நிறத்தில் உடுத்துவது, யாரோடு பழகுவது, எந்த வேலைக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டும். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களைக்கூட என்னிடம் சொல்லாமலே திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் சகித்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. சகிக்க முடியாமல் போனது பாட்டு விஷயத்தில்தான். துதியைத் தவிர எதையும் பாடவோ கேட்கவோ கூடாது. தெருவில் பாட்டு காதில் விழுந்தால், அது மறையும்வரை துதியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடக்க வேண்டும். இதை வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் கடைப்பிடிக்கலாம். மட்டாஞ்சேரியில் முடியுமா? சாயாக்கடையில் பாட்டு, கல்யாண வீட்டில் பாட்டு, மிளகு மூட்டை ஏற்றுகிறவர்கள் போனில் பாட்டு, மாடிக்கு மாடி ஆர்மோனியம் வைத்து உட்காரும் பாட்டுச் சங்கங்கள். பஜார் ரோட்டைக் கடப்பதற்குள் எனக்கு வாய் உலர்ந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

துதிக்கும் ஒரு முறை உண்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலாகப் பாட வேண்டும். எவள் குரலும் தனியாகக் கேட்கக் கூடாது. பின்னால் ஒருத்தி பாடிக்கொண்டே நடந்து வருவாள். எவள் குரல் துருத்திக்கொண்டு கேட்கிறதோ அவள் தோளில் கை வைப்பாள். கை விழுந்தால் வாயை மூடி, துதி முடியும்வரை தலைகுனிந்து இருக்க வேண்டும். என் தோளில் அந்தக் கை விழாத வாரம் குறைவு. அப்படி நடந்து வந்தவள் வேறு யாருமில்லை, என் அம்மாதான். அத்தனை பேர் பாடும்போதும் ஒரு குரல் நூலளவு விலகினால் பிடித்துவிடுகிற காது கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டுச் சங்கத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினேன். மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார். முணுமுணுக்க வாயெடுத்தேன், வரவில்லை. மழை விட்ட பிறகும் நின்றேன். அடுத்த வாரமும் போய் நின்றேன், அப்போது மழையே இல்லை. கூட்டத்து ஆள் யாரோ பார்த்துச் சொல்லிவிட, எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேள் என்றார்கள். நான் போகவில்லை. அதன் பிறகு போகவே இல்லை.

விலகியவரோடு கூட்டத்தார் பேசக் கூடாது, சேர்ந்து உண்ணக் கூடாது. பேசினால் பேசியவரும் விலகியவராகிவிடுவார். ஆனால் அம்மாவும் நானும் ஒரே வீட்டில், ஒரு கூடமும் ஓர் அறையும் ஓர் அடுக்களையும் உள்ள வாடகை மாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஜாடை பேசச் சொல்லித் தரவா வேண்டும்? அம்மா என்னிடம் பேசவில்லை, குக்கரிடம் பேசினாள்.

"சாயா ஆறிப் போகுது. குடிக்கறவங்களுக்குக் கண்ணு இல்ல போல."

"மழை வருது. மேல காயப்போட்ட துணிய எடுக்க இந்த வீட்டுல ஆளே இல்ல."

எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கஷாயத்தை என் அறை வாசலில் வைத்துவிட்டு, "இதக் குடிச்சா விட்டுப் போகும்னு உலகத்துக்கே தெரியும்" என்று ஜன்னல் கம்பியிடம் சொன்னாள். நான் நேராகத்தான் பேசுவேன். "அம்மா, அரிசி தீர்ந்துபோச்சா?" என்றால் பதில் என்னிடம் வராது. கொஞ்ச நேரம் கழித்து, அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்து, "காலி" என்று அதனிடமே சொல்வாள். சில நாள் சிரிப்பு வரும். பல நாள் அந்தக் குக்கரைத் தூக்கிக் காயலில் போடலாம் போல இருக்கும். அவள் கூடத்தில் உண்பாள், நான் அடுக்களையில். நடுவில் ஒரு திரை.

அப்படியிருக்கையில்தான் பழைய ஆர்மோனியம் ஒன்றை வாங்கி வந்தேன். கற்றுத்தர ஆள் எர்ணாகுளம்வரை தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்திலேயே ஒரு பையன், என்னைவிடப் பத்து வயதாவது இளையவன், வகுப்பு எடுத்தான். நன்றாகச் சொல்லித்தருவான். ஆனால் வாய் ஓயாமல், "சேச்சி, துறந்நு பாடணம்" என்பான். திறந்து பாடத் தெரிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன் என்று வாய்வரை வரும். தனியாகப் பாடும்போது என் குரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். யாராவது கூடச் சேர்ந்து பாடினாலோ அவர்கள் குரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு ஞாயிறு மாலை அவன் என்னைத் தங்கள் சங்கத்து மாடியில் பாட வைத்தான். சின்ன அறை, தரையில் ஜமுக்காளம், ஒரு தபலா, கேட்க வந்த பத்துப் பதினைந்து பேர். பழைய மலையாளப் பாட்டு ஒன்றை எடுத்தேன். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், ரசித்துப்போய், "ஆஹா" என்றபடி என் தோளில் கையை வைத்தார்.

நான் நிறுத்திவிட்டேன். வரியின் பாதியில், வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். தபலாக்காரர் இரண்டு சுற்று வாசித்துப் பார்த்தார், அப்புறம் அவரும் நிறுத்தினார். "எந்து பற்றி சேச்சி?" என்று பையன் கேட்டான். என்ன ஆயிற்று என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மாள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். எல்லாரும் அன்பாக இருந்தார்கள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு கை பட்டால்கூட நான் இன்னும் கூட்டத்துக்காரியாகவே இருக்கிறேனே என்று வீடுவரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே அதிகம் பாடினேன். நான் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தால் அம்மா கூடத்தில் துதியை முணுமுணுக்கத் தொடங்குவாள். அறைக்குள் நான், கூடத்தில் அவள், இரண்டும் கலந்து கேட்கக் கர்ணகடூரமாக இருக்கும். நான் குரலை ஏற்றினால் அவளும் ஏற்றுவாள். கீழ்வீட்டுச் சேட்டன் ஒரு தடவை படியேறி வந்து, இது பிரார்த்தனையா சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வாத்தியம் இருக்கிற செய்தி எப்படியோ கூட்டத்துக்குப் போயிற்று. விலகியவளோடு ஒரே கூரையில் இருப்பதைப் பொறுத்தவர்கள் ஆர்மோனியத்தைப் பொறுக்கவில்லை. களமசேரியில் கூட்டத்தின் பெண்கள் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே வந்துவிடு, வராவிட்டால் நீயும் வெளியே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். இது எனக்குத் தெரிந்ததும் குக்கர் மூலம்தான்.

"ஞாயித்துக்கிழம களமசேரிக்குப் போற ஆளு ஒண்ணு இந்த வீட்டுல இருக்கு. துணியெல்லாம் மடிச்சாச்சு."

அந்த இல்லத்துக்குப் போனவர்களை வெளியார் போய்ப் பார்க்க முடியாது. செத்தால் கூடச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அம்மா போனால் அத்தோடு போனவள்தான்.

"பெட்டிய வகுப்புலயே வச்சுக்கறேம்மா. வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன். போகாத" என்றேன்.

அம்மா குக்கரின் மூடியைத் துடைத்தாள். "பெட்டி போனாப் போதுமா? தொண்டை இருக்குல்ல" என்று அதனிடம் சொன்னாள். மேற்கொண்டு என்ன பேசினாலும் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் அக்காமார் இருவர் வந்தார்கள். இருவரில் மூத்தவள், அப்பா இறந்தபோது பாயோடு வந்தவர்களில் ஒருத்தி. கதவருகே அம்மாவின் பை தயாராக இருந்தது. நான் சாயா போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் டம்ளரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் நிற்கும்போதே, "அந்தப் பொண்ணு தானா வழிக்கு வரும். வரலன்னா அது விதி" என்று மூத்தவள் அம்மாவிடம் சொன்னாள். அது, வரும், விதி. நான் என்ன ஆட்டுக்குட்டியா?

கோபத்தில் எனக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. அறைக்குள் போய், கதவைத் திறந்தே வைத்து, பெட்டியை இழுத்துப் போட்டு, அந்த மலையாளப் பாட்டைப் பிடித்தேன். கூடத்தில் உடனே முணுமுணுப்பு தொடங்கியது. பாட்டு மேலேறும் இடத்தில் எப்போதும் போலக் குரல் உள்ளே போயிற்று. திரும்பப் பாடினேன். திரும்பவும் போயிற்று. ஆத்திரத்தோடு மூன்றாவது முறை எடுத்தேன்.

"விழுங்காதடி!"

அம்மாவின் குரல்.

"மேல போறப்ப எதுக்குடி குரல விழுங்கற? வாங்கின நாள்ல இருந்து அதே எடத்துல விழுங்கற. கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்ச அடைக்குது!"

முணுமுணுப்பு நின்றுவிட்டது. நான் கூடத்துக்கு ஓடி வந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது அதுவல்ல.

"விழுங்கச் சொல்லிக் குடுத்தது யாரு? வாரா வாரம் தோள்ல கை வச்சது யாரு?"

"அது நாலு பேரோட பாடறப்ப! நாலு பேரோட பாடறப்ப நாலு பேரோட இருக்கணும். தனியாப் பாடறப்ப தனியா நிக்கணும். இதுகூடத் தெரியாமலா இந்தப் பெட்டியப் போட்டு மிதிக்கற?"

"பெட்டிய யாரும் மிதிக்கல. இத்தன நாளா குக்கர்கிட்டச் சொல்லியிருக்கலாமே இத!"

"அதுக்கு எங்கடி தெரியும் சுருதி!"

பேசாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. அரிசி, துணி, என் கல்யாணம், அப்பா, ஆறிய சாயா. வந்தவர்களை இருவருமே மறந்துபோனோம். நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது அவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

மூத்தவள் கெட்டவள் இல்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால நின்னு சொல்லிடு. தெரியாமப் பேசிட்டேன்னு ஒரு வார்த்த. சரியாப் போகும்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதானேக்கா பேசினேன்" என்றாள்.

அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. இனி சொல்ல முடியாது, அம்மாவும் விலகியவளாகிவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். மூத்தவள் பாதிப் படியில் ஒரு தடவை நின்றாள், பிறகு இறங்கிவிட்டாள்.

அம்மா பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். உள்ளுக்குள் எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தபோது அது அடங்கிவிட்டது. அப்பா போன அன்றைக்கு இருந்த முகம் அது.

"இனி நான் ஆரு கூடடி பாடுவேன்?" என்றாள்.

பாட்டே இல்லாத இடம் என்றுதான் கூட்டத்தை ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன். அவள் இத்தனை வருஷமும் பாடுவதற்காகவே அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்கூடப் பாடும்மா" என்றேன்.

"உங்கூடயா?" என்றாள் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, "உனக்குத்தான் சுருதியே நிக்க மாட்டேங்குதே" என்று சொல்லி, ஓவென்று அழுதாள்.