ஏழு பேர் ஊர் மாறிப் போகவில்லை

தலைவி பேனாவை வாங்கிக்கொண்டார், ஆனால் எழுதவில்லை. தீர்மான நோட்டின் வெற்றுப் பக்கத்தில், அடியிலிருந்து நான்காவது வரியில் நான் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "இங்கதானுங்க, எப்பவும் போடற இடந்தான்" என்றேன். அவர் என் விரலைப் பார்க்கவில்லை. விரலுக்கு மேலே காலியாகக் கிடந்த வரிகளைப் பார்த்தார். "மேல ஒண்ணுமே எழுதலீங்களே சார்" என்றார். "அதெல்லாம் அப்பறமா எழுதிக்குவோம்" என்றேன். இரண்டு வருடமாக இதே பதிலைக் கேட்டுக்கொண்டு இதே நோட்டில் கையெழுத்துப் போட்டவர்தான். அன்றைக்குப் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். அந்தச் சின்ன 'டக்' சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் ஒரு நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அரசுப் பள்ளிக்கு ஒரு குழு இருக்க வேண்டும், அதில் பெற்றோர்தான் அதிகம் இருக்க வேண்டும், தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். அதை எப்படிச் செல்லாக்காசாக்குவது என்று எங்களைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். யார் கேள்வி கேட்க மாட்டார், யார் வீடு பக்கத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் யார் உடனே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, தேர்ந்தெடுக்கும் நாளில் அவர் பெயரை யாரையாவது விட்டு முன்மொழிய வைத்துவிடுவோம். இவரையும் அப்படித்தான் பிடித்தேன். பள்ளிக்குப் பின்தெருவில் வாடகை வீடு. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். இவருக்குப் புறவழிச் சாலையோரம் ஒரு முட்டைக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள், கெட்டிக்காரி. அம்மா வாய் திறக்காத ஆள், தொந்தரவு இருக்காது என்று கணக்குப் போட்டேன். அடிப்படையில் நான் கணக்கு வாத்தியார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வெற்றுப் பக்கத்தில் நான் பிறகு எழுதவிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடமும் ஒரு தொழில். நாமக்கல் சாலையில் போனால் கோழிப்பண்ணைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது விடுதியோடு கூடிய பெரிய பள்ளிகளின் விளம்பரப் பலகைகள். எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறு எங்கள் தலையிலும் வந்து விடிந்தது. கல்வித்துறையின் ஆய்வுக் கூட்டத்தில், தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். பேரன் பேத்தி எடுத்த ஆண்களும் பெண்களும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல நிற்போம். பள்ளிக்கூரை ஒழுகுகிறதா, கணக்குக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அந்த மேடையிலிருந்து ஒரு நாளும் ஒரு கேள்வி வந்ததில்லை.

நிற்காமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் கற்றுக்கொண்ட வழி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன், தேற மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைப் பள்ளியை விட்டே எடுத்துவிடுவது. பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளை உங்கள் மானத்தை வாங்கப்போகிறான், டி.சி. வாங்கிக்கொண்டு போய்த் தனியாக எழுத வையுங்கள் என்று பயமுறுத்தி, 'சொந்த ஊருக்குக் குடிபெயர்வதால் மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவோம். இவர்கள் ஊர் மாறிப் போவதைக் குழு விசாரித்து அறிந்தது என்று நோட்டில் ஒரு தீர்மானம். பிறகு நூற்றுக்கு நூறு வர என்ன தடை?

அந்த வருடம் என் பட்டியலில் ஏழு பேர். அவர்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெற்றோர் பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டு நடக்கிற மாதங்களில் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடுவாள். அதனால் எட்டாம் வகுப்பு அவளுக்குப் பாதிதான் நடந்தது. கணக்கு சுத்தமாக வராது. நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து போயிருந்தான். டி.சி. கைக்கு வந்த மறுவாரமே அவளை மில் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் பெயரையும் எழுதினேன்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்த ஏழு கடிதங்களையும் தீர்மான நோட்டுக்குள்ளேயே செருகி வைத்திருந்தேன். பேனாவை மூடிய தலைவி நோட்டைப் புரட்டியபோது அவை அவர் மடியில் விழுந்தன. எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கிடங்கில் முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிற பழக்கமோ என்னவோ, ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க சார், ஏழு ஊட்டுக்காரங்களும் ஒரே நாள்ல ஊரு மாறிப் போறாங்களா?"

கடிதங்களை வாங்க நான் கையை நீட்டினேன்.

"அதும் ஒரே கையெழுத்துல?"

அது என் கையெழுத்து. அடியில் இருந்த ஒப்பமும் கைநாட்டும் மட்டும்தான் பெற்றோருடையவை. வகையாக மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? நான் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "உங்க வேலையை வெச்சே சொல்றனுங்க. நீங்க நல்ல முட்டை வேற, கீறல் முட்டை வேறன்னு பிரிக்கறதில்லீங்களா? அது மாதிரித்தான் இது" என்றேன். சொன்ன நிமிடத்தில் எனக்கு அது பெரிய விளக்கமாகத் தோன்றியது.

"கீறல் உட்ட முட்டையக்கூட நாங்க வீசறதில்லீங்க சார். அதுக்குன்னு முட்ட அடுக்கற தனி அட்ட இருக்குது, அதையும் வாங்கறதுக்கு ஆளு வருது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இதுக முட்டையாங்க? புள்ளைகளுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நான் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். தேர்ச்சி குறைந்தால் பெயர் கெடும், பெயர் கெட்டால் சேர்க்கை குறையும், சேர்க்கை குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்து இதை மூடிவிடுவார்கள் என்று அடுக்கினேன். அதில் பொய் இல்லை. அப்படி மூடிய பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மூடறவங்க வரட்டுங்க. வாசல்ல நின்னு எப்பிடி மூடறாங்கன்னு நாங்க பாக்கறோம். அதுக்குள்ள நீங்களே வருசத்துக்கு ஏழு பேரா மூடிப்புடாதீங்க சார்" என்று சொல்லி, ஏழு கடிதங்களையும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். முட்டை பொறுக்குகிறவள் எனக்குப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லித் தருகிறாளா என்று வீட்டில் மனைவியிடம் கத்தினேன். 'பொறுக்குகிறவள்' என்றுதான் சொன்னேன். அடுத்த தேர்தலில் ஆளை மாற்றுவது எப்படி என்றுகூட யோசித்தேன்.

குழு கூடும் வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கமாக நானும் ஒரு ஆசிரியையும் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கூட்டம் முடிந்துவிடும். அன்றைக்கு என் அறையில் உட்கார இடமில்லை. கிடங்கு வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு வீடு, மூன்று வீடு என்று ஏழு வீடுகளுக்கும் நடந்து போய், ஏழு குடும்பங்களையும் கூட்டி வந்திருந்தார். கரும்பு வெட்டுகிற தாய் கதவோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "ஊரு மாறிப் போறீங்களா?" என்று தலைவி ஒவ்வொருவரையும் கேட்டார். இல்லை என்றார்கள். அந்தத் தாய் மட்டும் என்னைப் பார்த்து, "எங்களுக்கு வேற ஊரே இல்லீங்க சாமி" என்றார். பிறகு தலைவி நோட்டை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க சார், நான் சொல்றன்" என்றார். இந்த ஏழு பேரும் இதே பள்ளியில் படித்து இதே பள்ளியின் பெயரில் தேர்வு எழுதுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முழுவதையும் வாங்கிப் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையையும் திருத்த வைத்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அவமானமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, அது அவமானம் இல்லை, பாரம் இறங்கியது என்று புரிந்தது.

அந்த ஏழு பேருக்கும் மாலை வகுப்பு எடுக்க ஒரு அறை வேண்டும். இருந்த ஒரே காலி அறையில் கூரை ஒழுகியது. கட்டடம் நகராட்சியுடையது, ஆசிரியர்கள் கல்வித்துறையைச் சேர்ந்தவர்கள். துறைக்கு எழுதினால் நகராட்சியைக் கேள் என்று பதில் வரும். நகராட்சிக்கு எழுதினால் நிதி வந்ததும் பார்க்கலாம் என்று வரும். நான்கு வருடம் நான் இரண்டு பக்கமும் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். தலைவி தன் வீட்டு உரிமையாளரிடம் சொத்துவரி ரசீதை இரவல் வாங்கிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். "இதுல கல்வி வரின்னு தனியாப் போட்டு வாங்கியிருக்கீங்களே, அது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவுதுங்க?" என்று பொறியாளரிடம் கேட்டார். துணைக்குப் போன நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். நிதி நிலைமை சரியில்லை என்று பொறியாளர் ஆரம்பித்தார். "எங்க புள்ளைகளத் தனியார் பள்ளிக்கூடத்துல சேத்துனா அதுக்கு கவருமெண்டே பீசு கட்டுதுங்க. அங்க கட்டறதுக்குக் காசு இருக்குது, இங்க கூரைக்கு நாலு தகரம் போடறதுக்கு இல்லீங்களா?" என்றார். பிறகு தினமும் வேலை முடிந்து நேராக வந்து அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சண்டையில்லை, கோஷமில்லை. ஆறாம் நாள் ஆள் வந்து கூரையை அளந்தார். பொங்கலுக்கு முன் தகரம் வந்தது.

தேர்வு முடிவு வந்தது. ஏழு பேரில் நான்கு பேர் தேறினார்கள். மூன்று பேருக்குப் போய்விட்டது. கரும்பு வெட்டுக்காரர் மகளுக்குக் கணக்கில் மட்டும் போயிற்று. இனி துணைத்தேர்வுதான். அதே வருடம் எழுதிய தலைவியின் மகள் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். ஆனால் எங்கள் பள்ளி நூற்றிலிருந்து இறங்கிவிட்டது, ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பினார்கள். "தேற மாட்டாங்கன்னு முன்னாடியே தெரியாதா? தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் பண்ணலை?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். 'பண்ணுவது' என்றால் என்ன என்று அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். "அந்த மூணு பேரும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, பரீட்சை எழுதினாங்க, நான் எழுத வெச்சேன்" என்றேன். மூவரின் பெயரையும் இனிஷியலோடு சத்தமாகச் சொன்னேன். சதவீதம் மட்டுமே பேசிப் பழகிய அந்த இடத்தில் அதுவரை எந்தப் பிள்ளையின் பெயரும் ஒலித்ததில்லை. கூட்டம் முடிகிறவரை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். வெளியே வரும்போது கையில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ இருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து தலைவிக்குப் போன் போட்டேன். பின்னால் கிடங்கில் லாரிக்கு அட்டை ஏற்றுகிற சத்தம். நின்ற கதையை ஒரு வீரனைப் போல விரிவாகச் சொன்னேன்.

"எவ்வளவு நேரமுங்க நின்னீங்க?"

"ஒண்ணே முக்கால் மணி நேரமுங்க."

"நாங்க தெனமும் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டுத்தானுங்க வேல பாக்கறோம். உக்காந்து ஒரு டீ குடிங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "அந்தப் புள்ளைக்குக் கணக்குப் பரீட்சைக்கு இன்னும் எத்தன நாளுங்க இருக்குது?"

ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன்.

"அப்ப நாளைக்கே பள்ளிக்கூடத்தத் தொறந்துருங்க. நான் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன்."

மகள் பள்ளியை முடித்துவிட்டதால், விதிப்படி அன்றைக்கு அவர் தலைவியே இல்லை. அது கோடை விடுமுறை. விடுமுறையில் பள்ளியைத் திறக்க மேலிடத்தின் அனுமதி வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறந்தேன், தகரக் கூரை அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கரும்பு வெட்டுக்காரர் மகள் தன் தம்பியையும் கூட்டி வந்திருந்தாள். அவன் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் கிறுக்கிக்கொண்டிருக்க, மேல்பாதியில் நான் பின்னத்திலிருந்து தொடங்கினேன். துணைத்தேர்விலும் அவளுக்குப் போய்விட்டது. மறுபடி நடத்தினேன். அடுத்த மார்ச்சில் முப்பத்தாறு மதிப்பெண் எடுத்துத் தேறினாள். எந்த விளம்பரப் பலகையிலும் அந்த எண் வராது. மில்லுக்குப் போகவில்லை, இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிறாள்.

எனக்கு ஓய்வூதியம் எட்டு மாதம் தாமதமாக வந்தது. முதல் மெமோவுக்கு நான்கு பக்கம் பதில் எழுதிக் கொடுத்திருந்தேன். விடுமுறையில் யார் அனுமதியோடு பள்ளியைத் திறந்தீர்கள் என்று கேட்டு இரண்டாவதாக ஒன்று வந்தது. மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை.