முட்டை, நல்லெண்ணெய், பத்து ஊசி

பிள்ளை பிறந்த பிறகு எனக்குப் புருசன்மேல் ஆசை வரவில்லை. கட்டிலுக்குப் போவது பல்லுப் பிடுங்கப் போவது போலிருந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். புருசன் இதைத் தன் தாயிடம் போய்ச் சொன்னார். முப்பத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

மாமி தொண்டைமானாற்றிலிருந்து வந்து இறங்கினார். வந்த அன்றே தவணையும் வைத்தார். சித்திரை வருசப் பிறப்புக்குள் நான் சரிவராவிட்டால் என்னைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பாராம். பிள்ளை அவர்களோடு நிற்குமாம். நான் அதை நம்பினேன். அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றையும் விழுங்கினேன்.

மாமியின் வைத்தியம், வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டைக்குக் கொடுப்பது. விடிய வெறும் வயிற்றில் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், மத்தியானம் உழுத்தங்களி. பதின்மூன்று வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருமுறை குடித்து முடித்த சாமான். இருபத்தெட்டு வயதில், மடியில் பால்குடிப் பிள்ளையோடு, திரும்ப நாற்பது நாள் குடித்தேன். முதல்முறை நான் ஒழுங்காகப் பெரியபிள்ளையாகவில்லை, இன்னொருமுறை ஆக்கிவிடலாம் என்பது மாமியின் எண்ணம். எனக்கு வயிற்றோட்டம்தான் வந்தது.

அடுத்தது நீர்வேலியில் ஒரு பரியாரியார். என் கையில் நாடி பிடித்துக்கொண்டு கேள்வியெல்லாம் புருசனிடம் கேட்டார். உடம்பில் சூடு என்று ஒரு லேகியம் தந்தார். பிறகு இங்கிலீசு மருந்து டொக்டர். அங்கே நோயாளியின் கதிரையில் புருசனே ஏறி இருந்துகொண்டார். நான் பின்னால் பிள்ளையோடு நின்றேன். விற்றமின் ஊசி, பத்து. என் உடம்பைப் பற்றி என்னிடம் ஒருத்தனும் கேட்கவில்லை. மாட்டு வைத்தியனாவது மாட்டைத் தட்டிப் பார்ப்பான்.

பங்குனியில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போனேன். ஆண்கள் வாசல் படலையோடு நிற்கவேண்டிய இடம். அங்கே இருந்த பெண் டொக்டர் அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவதைப் பற்றிக் கதைத்தார். எனக்கு அதெல்லாம் தேவைப்படாது என்றேன். ஏன் என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"நோகுதோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"பிள்ளைப்பேறுக்குத் தையல் போட்ட நாளிலையிருந்து."

"இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தார். தையல் போட்ட இடம் இறுகிக் கிடந்ததாம். பால் கொடுக்கும் காலத்தில் உள்ளே வறட்சியும் வருமாம். நோகிறதுக்கு எவள் ஆசையோடு போவாள் என்று என்னிடமே கேட்டார். ஒரு களிம்பு எழுதினார். அது கிடைக்காவிட்டால் சுத்தமான தேங்காயெண்ணெய் தடவி மெல்ல அழுத்திவிட வேண்டும். நோ மாறும்வரை புருசன் கிட்ட வரக்கூடாது. மாறாவிட்டால் ஆசுப்பத்திரியில் வெட்டித் திருத்தலாம்.

படலையில் சைக்கிளோடு நின்ற புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துப் போத்தல் எங்கே என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தாயிடம், அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் மருந்து வரவில்லை என்றார். டொக்டர் தடுத்தது தன்னைத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மாமி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு மகனிடம் சொன்னார்: "இனிக் காணும் தம்பி. உவளைத் தாய் வீட்டை கொண்டுபோய் விட்டிட்டு வா."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நாங்கள் இருந்தது என் சீதன வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில், என் அலுமாரியில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்து வீடு மாறி வருகிறவன் மாப்பிள்ளைதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமி மறந்தார், மகன் மறந்தார், பயத்தில் நானும் மறந்திருந்தேன்.

"மாமி, இது என்ரை வீடு. போறதெண்டால் நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. பிள்ளை என்னோடை நிக்கும்."

மாமி அடுத்த நாள் பஸ்ஸில் போனார். மகன் போகவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். களிம்பு ஒரு குழாய்தான் கிடைத்தது, மிச்சம் தேங்காயெண்ணெய். மூன்று மாதத்தில் நோ போய்விட்டது. அதை உடனே அவருக்குச் சொல்லவில்லை. ஆடி முடியும்வரை விறாந்தையிலேயே படுக்க விட்டேன்.