இன்டர்வியூவில் கேட்காத இங்கிலீஷ்

போன திங்கட்கிழமை செல்விக்கு இன்டர்வியூ.

செல்வி எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பின் வரிசை வீட்டுக்காரி. கள்ளிக்குப்பத்துப் பெண். புருஷன் ஃபாக்டரியில் ஃபிட்டர். ஆடி மாதம் மாரடைப்பில் போய்விட்டான். வாரிசு வேலை கிடைத்தால் வீடு தங்கும். இல்லையென்றால் காலி செய்துகொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த அண்ணி எப்படிப்பட்டவள் என்பது குவார்ட்டர்ஸுக்கே தெரியும்...

‘இன்டர்வியூவில் எல்லாமே இங்கிலீஷில்தான் கேட்பார்கள்’ என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். வதந்திக்கு ப்ரூஃப் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்? நோட்டும் கையுமாக என்னிடம் வந்துவிட்டாள்.

எனக்கு வசப்பட்டதோ, ஆளைக் குழப்பும் இரட்டை வார்த்தைகள்தான். ‘டெசர்ட்’டில் ஒரு ‘எஸ்’ போட்டால் பாலைவனம். இரண்டு போட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பாயசம்.

“ஒரு எய்த்துக்கு இத்தினி வித்தியாசமா சார்?”

‘ஸ்டேஷனரி’யில் ‘ஏ’ வந்தால் நகராமல் நிற்பது. ‘ஈ’ வந்தால் பேனா, பேப்பர். குழாயடியில் முணுமுணுத்துக்கொண்டே நிற்பாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் பார்த்தவர்கள். மனுஷன் போன துக்கத்தில் இப்படியொரு தண்டனையா என்று எனக்கே ஆத்திரமாக வரும். அவளோ சாயங்காலப் பாடத்துக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை.

இன்டர்வியூ முடிந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

“என்னம்மா கேட்டாங்க?”

“பேர் கேட்டாங்க. அவரு எப்டி போனாருன்னு கேட்டாங்க. கேன்டீன்ல பாத்திரம் கழுவுவியான்னாங்க. அவ்ளோதான் சார். எல்லாம் தமிழ்லதான்.”

வேலை உறுதி என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீடு தப்பித்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அத்தனை படிப்பும் வீணாய்ப் போன வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் மனசு கனத்துத்தான் போனது.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால்... மறுபடியும் நோட்டோடு நிற்கிறாள்!

“அதான் வேலை கெடச்சுருச்சேம்மா, இன்னும் எதுக்கு?”

தலையைக் குனிந்துகொண்டாள். “சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதுனா எல்லார் ஊட்டுக்காரரும் சைக்கிள்ல வந்துகினு இருப்பாங்க சார். அந்த நேரத்துல என்னால ஊட்ல குந்திகினு இருக்க முடில. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க.”

அகராதியை எடுத்தேன். வேறென்ன செய்ய?