ராஜகோபுரத்தில் நின்ற பச்சைப் புள்ளி

பௌர்ணமி மாலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எங்கள் கம்பெனி பந்தல். கூட்டத்தில் வழிதவறக் கூடியவர்கள் கையில் நாங்கள் ஒரு பட்டை கட்டிவிடுவோம். அதில் உள்ள ஜிபிஎஸ், ஆள் இருக்கும் இடத்தைத் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். பட்டைக்குள் ஓடும் புரோகிராம் என்னுடையது. தகவலை வாங்கி மேப்பில் போடும் புரோகிராம் தினேஷுடையது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அஞ்சலை ஓடி வந்தார். நாங்கள் பட்டை கட்டிவிட்ட அவர் கணவர் ஏழுமலையைக் காணோம். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சும் நினைவும் சரியில்லை. போடவேண்டிய மாத்திரையோ அஞ்சலையின் பையில்.

தினேஷ் திரையைப் பார்த்தான். "கவலப்படாதீங்கம்மா. ராஜகோபுரத்தாண்டதான் நிக்கிறாரு."

பைக்கில் போன வாலண்டியர் வெறுங்கையோடு திரும்பினார். "அங்க இல்லப்பா." புள்ளி இன்னும் அங்கேதான் இருந்தது. இந்த முறை அஞ்சலையையும் பைக்கில் ஏற்றி மறுபடியும் அனுப்பினான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் ஜிபிஎஸ் புள்ளி நாலைந்து அடி இப்படியும் அப்படியும் ஆடும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது. தினேஷின் லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன்.

அவன் புரோகிராம் ரஸ்ட் என்ற கணினி மொழியில் இருந்தது. பட்டையிலிருந்து இடம் வரலாம், வராமலும் போகலாம். அதனால் அது ஆப்ஷன் டைப்: உள்ளே ஒரு மதிப்பு இருக்கும், இல்லாவிட்டால் காலி. காலியானால் என்ன செய்வது என்று நாம்தான் எழுத வேண்டும். தினேஷ் unwrap_or என்ற கட்டளையைப் போட்டு, காலியானால் தானாக வரும் டீஃபால்டாக ராஜகோபுரத்தின் இடத்தைக் கொடுத்திருந்தான்.

"என்ன இது?"

"காலியா வந்தா மேப் கிராஷ் ஆவுது மேடம். சீரோ போட்டா ஆப்பிரிக்காவாண்ட கடல்ல காட்டுது. டெமோல எம்.டி. கத்துனாரு. நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் கோயில்ல இருந்துதானே வழி சொல்வாங்க, அதான்..."

"வழி சொல்லக் கோயில் சரிடா. ஆளு அங்க நிக்கிறாருன்னு நீ எப்படிச் சொல்லுவ?" அடிக்காத குறை.

எம்.டி.க்கு போன் போட்டேன். "இப்ப எதையும் மாத்தாதீங்கம்மா. பந்தலப் பாக்க ஆபீசருங்க வர்ற நேரம். புள்ளி இல்லன்னா பட்டையே வேலை செய்யலன்னு நினைப்பாங்க" என்றார்.

"இங்க ஆளையே காணோம் சார்" என்று வைத்துவிட்டேன்.

வந்த தகவலை அப்படியே சேமித்திருந்த லாகைத் திறந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு முன்பு வரை இடம் வந்திருந்தது. பிறகு எல்லாம் காலி. பேட்டரி அளவு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பட்டை உயிரோடுதான் இருக்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு வானம்தான் தெரியவில்லை; ஆள் ஏதோ கூரைக்கடியில் இருக்கிறார். கடைசியாக வந்த இடம் எங்கள் பந்தலுக்குக் கூப்பிடு தூரம். அங்கே தகரக் கூரை போட்ட கரும்பு ஜூஸ் கடை ஒன்று உண்டு.

ஓடினேன். உள்பெஞ்சில் ஏழுமலை, முகமெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருந்தார். "யாரு எவருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்றாரு மேடம்" என்றார் கடைக்காரர்.

அவரைப் பந்தலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அஞ்சலை திரும்புவதற்குள் அந்த டீஃபால்டைத் தூக்கினேன். இடம் காலியானால், கடைசியாகத் தெரிந்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி வரும். எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்பதும், 'இப்போது தெரியவில்லை' என்பதும் பக்கத்தில் வரும்.

அஞ்சலை வந்தார். முந்தானையால் கணவர் முகத்தைத் துடைத்து மாத்திரை கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவரு இங்கயே இருந்தாரு. நான் அங்க போயி தேடிக்கினு இருந்தேன். தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, வந்த வழியிலயே திரும்பிப் பாத்திருப்பேனே."

தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் வெட்கமாக இருந்தது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரை வெளிச்சத்துக்கு டீஃபால்ட் வையுங்கள், மொழிக்கு வையுங்கள். ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்பதற்கு வைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால், தேடுகிறவர் தன் காலை நம்பித் தேடுவார்.