சக்கரபாணியும் ரெண்டு நூல் கூடுதலும்

என் வீட்டுக்காரர் சக்கரபாணியைப் பற்றி விருத்தாசலத்தில் யாரிடம் கேட்டாலும், "யாரு, அந்த பீங்கான் கார்காரரா?" என்றுதான் சொல்வார்கள். இருபத்தோரு வருஷமாகச் செராமிக் எஸ்டேட்டில் சூளை பார்க்கிற மனுஷர். ஃபியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரைக்கும் எத்தனை லட்சம் சாமான் அவர் கைபட்டு வெந்து வந்திருக்கும். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கார்தான் ஞாபகம். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டது அவரேதான், ஊரைச் சொல்லிக் குற்றமில்லை.

கார் வந்தது இரண்டாயிரத்து நான்கில். மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் துபாய் போய்விட, ஓட்ட ஆளில்லாமல் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்த வெள்ளை மாருதி எண்ணூறு. நான் கேட்டிருந்தது ஃபிரிட்ஜ்.

"ஃபிரிட்ஜுல ஏறி திருவண்ணாமலைக்குப் போவ முடியுமா பூங்கோதை?" என்று கேட்டார்.

"கார்ல மாவ வச்சா புளிக்காம இருக்குமா?" என்று நான் கேட்டேன். அதற்குள் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டாயிற்று.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கார்தான். பழைய டூத்பிரஷை வைத்துக்கொண்டு சக்கரத்தின் இடுக்கெல்லாம் தேய்ப்பார். என் பிரஷ் பழையதாகிவிட்டதா என்று என்னைவிட அவர்தான் முதலில் பார்ப்பார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் கையால்தான். மெக்கானிக் ராஜமாணிக்கம் பக்கத்துத் தெருதான். ஆனாலும் கார் உண்மையிலேயே படுத்தால்தான் அவரைக் கூப்பிடுவார், அதுவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பராமரிப்பதோடு விட்டாரா? இல்லை. கியர் கம்பியின் தலையில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் குண்டு அவர் கண்ணை உறுத்தியது. பீங்கானில் ஒன்று செய்யலாம் என்று கிளம்பினார். இங்கே எங்கள் ஊர்த் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈரமண் சூளையில் வெந்தால் சுருங்கும். எங்கள் மண்ணில் ஒன்பது அங்குலத்துக்குச் செய்தால் எட்டு அங்குலமாகத்தான் வெளியே வரும். அதனால் எட்டு வேண்டுமென்றால் ஒன்று கூட்டி ஒன்பதாகத்தான் அளக்க வேண்டும். சூளைக்காரர்களுக்கு இது மனக்கணக்குகூட இல்லை, கைக்கணக்கு. கை தானாகக் கூட்டிவிடும்.

அந்தக் குண்டு அளவு பிசகாமல் வந்தது. மயில்கழுத்து நிறத்தில் பளபளவென்று இருந்தது. வெயிலில் நின்றால் சுடும், வேர்த்த கைக்கு வழுக்கும், அது வேறு விஷயம். எஸ்டேட்டே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து சீட்டுக்கு உறை. அளவு அவரே எடுத்து, டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கியது.

"என்னாங்க இது, அண்ணன் சட்டைய தம்பி போட்டா மாதிரி இருக்குது?"

"துணின்னா கொஞ்சம் தாராளமா இருக்கணும்" என்றார்.

பிறகு மழைக்குக் காரை மூட ஒரு தார்ப்பாய். அதுவும் அவர் அளவுதான். நான்கு பக்கமும் தரையில் புரண்டது. சரி, மனுஷருக்கு மனசு பெரிசு, கையும் தாராளம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வீட்டில் நானும் எதிர்வீட்டு வாசுகியும் இன்னும் இரண்டு பெண்களும் கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறோம். எஸ்டேட்டிலிருந்து வெள்ளையாக வரும், நாங்கள் கண் திறந்து, புடவைக் கரை போட்டு அனுப்புவோம். திட்டக்குடியில் தனக்கோடி அண்ணன் கடைதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. பஸ்ஸில்தான் கொண்டுபோவேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே ஒரு சத்தம் கேட்கும். ராத்திரி பகல் பாராமல் தீட்டியது எல்லாம் இறங்கிப் பார்த்தால் கையில்லாமல், காதில்லாமல் கிடக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் தனக்கோடி அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நவராத்திரிக்கு நானூறு பொம்ம வேணும் தங்கச்சி. உடையாம வந்தா எடுத்துக்கறேன். போன வருஷம் மாதிரி கழுத்தில்லாத செட்டியார எல்லாம் நான் எங்க வச்சி விக்கறது? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற எடத்துல சொல்லிக்கறேன்."

நானூறு பொம்மை என்றால் நாலு பெண்களுக்கு நாலு மாச வேலை. வாடகை வண்டிக்காரன் பொம்மை என்றாலே கும்பிடு போடுகிறான். இவருக்கோ சீசனில் சூளையை விட்டு அரை நாள் நகர முடியாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் கடை திறப்பதில்லை. வாசலில் கார் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. சோறு தின்றுகொண்டிருந்தவரிடம் சொன்னேன். "எனக்கு கார் ஓட்டக் கத்துக் குடுங்க. நானே கொண்டுபோறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். மனுஷர் சாப்பாட்டையே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவர் காரைப் பற்றி நான் நல்லபடியாகப் பேசியதே அன்றைக்குத்தான் முதல்முறை.

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. ஆனால் நான் நாலடி எட்டு அங்குலம். சீட்டை முன்னால் தள்ளினாலும், முதுகுக்குத் தலையணை வைத்தாலும் கிளட்சு எட்டவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் கையை விரித்துவிட்டார். இவருக்கு அது போதாதா? என்னைச் சீட்டில் உட்காரவைத்து, காலுக்கும் பெடலுக்கும் நடுவில் அளந்தார். இரண்டு அங்குலம் குறைந்தது. சமையலறைக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "பூங்கோதை கால் – 2 அங்குலம்" என்று எழுதி மாட்டினார். தேக்கில் மூன்று கட்டை இழைத்து, மேலே வழுக்காமல் ரப்பர் ஒட்டி, மூன்று பெடலிலும் போல்ட்டு போட்டு முறுக்கினார். ஆட்டினாலும் அசையாது. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, பார்வைக்கு.

எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் தினமும் காலையில் பழகினேன். பழகினேன் என்று சொல்கிறேன், உண்மையில் தினமும் சண்டை போட்டோம். வண்டி உறுமும், உதறும், நின்றுவிடும்.

"கிளட்சுலேர்ந்து கால எடு."

"எடுத்துட்டங்க."

"எங்க எடுத்த? இன்னும் மிதிச்சிக்கிட்டுதான இருக்குற."

"நான் சும்மாதாங்க வச்சிருக்கறன்."

"சும்மா வச்சா வண்டி ஏன் இப்பிடிக் கத்துது?"

ஒரு மாசம் இதே பாட்டு. ஒரு நாள் கருகல் வாடை வந்து ராஜமாணிக்கத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. குனிந்து பார்த்தவர், "கிளட்சு பிளேட்டு எரியுது. யாரு ஓட்டறது?" என்று கேட்டார். இவர் என் பக்கம் பார்த்தார். நானூறு பொம்மைக்குப் பிசிறில்லாமல் புருவம் எழுதுகிற எனக்கு, ஒரு காலைத் தூக்கத் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவர், "வுடு பூங்கோதை. திட்டக்குடிக்கு என்ன மாதிரி நல்ல டிரைவரா ஒருத்தர பாத்து அனுப்பறன்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. சீசனில் டிரைவர் கிடைக்காமல்தானே இந்தப் பாடு. புதன்கிழமை டெஸ்ட்டு. அதில் கோட்டை விட்டால், அடுத்த தேதி கிடைப்பதற்குள் நவராத்திரியே முடிந்துவிடும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பொம்மைப் பெட்டிகள் காரின் பின்சீட்டில் அடங்குமா என்று டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேன். அளவைக் குறிக்கத் தாள் தேடினால், ஆணியில் அந்தக் காலண்டர் தாள். "பூங்கோதை கால் – 2 அங்குலம்." கையில் டேப் இருந்தது, மனசில் ஆத்திரம் இருந்தது. போய்க் குனிந்து கிளட்சுக் கட்டையை அளந்தேன். இரண்டேகால். பிரேக்குக் கட்டை, இரண்டேகால். ஆக்ஸிலேட்டர் கட்டையும் இரண்டேகால். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். எண்ணிப் பார்த்தேன், ரெண்டு நூல் கூடுதல். நான் காலைச் சும்மா வைத்தாலே பெடல் அமுங்கத்தான் செய்யும்.

"என்னாங்க, கொஞ்சம் வாங்க."

டூத்பிரஷும் கையுமாக வந்தார்.

"தாள்ல எவ்ளோ எழுதியிருக்கறீங்க?"

"ரெண்டு."

"கட்டைய அளங்க."

அளந்தார். டேப்பைச் சுருட்டி, மறுபடி இழுத்து அளந்தார். மூன்றாவது முறை அளக்கும்போது கை நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"எட்டுக்கு ஒண்ணு கூட்டிட்டன்" என்றார், மெதுவாக.

"அந்தக் கட்டைய எந்தச் சூளையிலங்க வேவ வைக்கப் போறீங்க?"

தொங்கிக்கொண்டிருந்த சீட்டு உறையைத் திரும்பிப் பார்த்தார். தரையில் புரண்ட தார்ப்பாயைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. மனசு பெரிசும் இல்லை, கை தாராளமும் இல்லை. பதினெட்டு வருஷ சூளை, மரத்தையும் துணியையும் மண்ணாகவே நினைத்து அளந்திருக்கிறது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன், அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவேனா?

"ஒரு மாசமா எங்காலத்தான திட்டினீங்க?"

"தப்புதான் பூங்கோதை. உங்கால் மேல தப்பே இல்ல. எங்கை மேலதான்."

கல்யாணமான இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு சிரித்தேன். இரண்டு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து வாசுகி தூரிகையோடு ஓடிவந்துவிட்டாள்.

அங்கேயே உட்கார்ந்து மூன்று கட்டையையும் கழற்றி ரெண்டு ரெண்டு நூல் இழைத்தார். மாட்டியதும் பொட்டலுக்குப் போனோம். காலை வைத்தேன், எடுத்தேன். வண்டி அலுங்காமல் நகர்ந்தது. மூன்று சுற்று வந்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

புதன்கிழமை டெஸ்ட்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து கட்டையைத் தட்டிப் பார்த்தார். "இது யாரும்மா செஞ்சது?" என்றார். "எங்க வூட்டுக்காரருங்க. சூளையில வேல" என்றேன். எட்டு போடச் சொன்னார், போட்டேன். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கட்டை சரியான அளவுல இருக்குது" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நானூறு பொம்மையும் மூன்று நடையாகத் திட்டக்குடி போய்ச் சேர்ந்தன. தனக்கோடி அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். செட்டியார்கள் எல்லாரும் முழுசாக இருந்தார்கள். "வர்ற வருஷம் ஐநூறா குடு தங்கச்சி" என்றார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் வந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் எஸ்டேட்டிலிருந்து ஒரு உருண்டை ஈரமண் கொண்டுவந்து, "கெட்டியாப் புடி" என்றார். பிடித்தேன். நான்கு விரலும் பதிந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்துப் புதுக் கியர் குண்டு கொண்டுவந்து மாட்டினார். அதே மயில்கழுத்து நிறம். என் விரல் தடம் அப்படியே வரிவரியாக இருந்தது. "உன் வண்டி. உன் கைக்கு வழுக்காது" என்றார்.

ஆசையாகப் பிடித்தேன். விரல் பள்ளத்தில் உட்காரவில்லை. என் கைக்கு அது சிறுத்துப் போயிருந்தது.

"என்னாங்க, இதுக்குக் கூட்ட வேணாமா?"

குண்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அன்னிக்குக் கட்டைய அளந்து நீ கேட்ட கேள்வியில, கூட்டறதுன்னாலே பயமாப் பூடுச்சி. அப்படியே சூளையில வச்சிட்டன்" என்றார். பதினெட்டு வருஷ சூளைக்காரர், மண்ணுக்குக் கூட்டாமல் விட்டிருக்கிறார், எனக்காக.

மூன்று வருஷம் ஆகிறது. காரில் ஏறும்போதெல்லாம், "கழட்டிக் குடு, சரியான அளவுல வேற செஞ்சி தரன்" என்பார். தர மாட்டேன். திட்டக்குடி ரோட்டில் ஒவ்வொரு கியருக்கும் அது என் விரலில் உறுத்தும். உறுத்தட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.