எல்லாம் யூ

மெரில் டிப்பெட்டை எங்கள் ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிஸ்டர்தான். ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். இடுப்பு போன பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு எங்களிடம் சேர்ந்தார். காலையில் வந்ததும் எல்லோருடைய கீபோர்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். தும்மினால் தொலைந்தோம், வீட்டுக்குப் போகச் சொல்லித் திட்டுவார்.

அவருக்கு வேலை பழக்கிவிட வேண்டியவன் நான். எழுதுகிற ஃபைல்களை நாங்கள் கிட் என்ற ஏற்பாட்டிடம் ஒப்படைப்போம். ஒப்படைத்துவிட்டால் அப்புறம் யார் அழித்தாலும் மீட்டுவிடலாம். இதைப் பத்தே நிமிடத்தில் மளமளவென்று சொல்லிவிட்டேன். "ஃபைல் பேருக்குப் பக்கத்துல நாம எழுதற எடிட்டர் திரைலயே ஒரு எழுத்து தெரியும் சிஸ்டர், அதப் பாத்துக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேனா? சத்தியமாக நினைவில்லை.

காட்டுத்தீ அணைக்கும் தொண்டர்களுக்காக ஒரு புரோகிராம். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த மண்டபத்தில் படுக்கை காலி என்று உடனே காட்ட வேண்டும். பதினோரு மாதமாக ஒற்றை ஆளாக அதை எழுதினார். தினமும் ஐந்து மணிக்கு எடிட்டரில் ஃபைல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு பையை மாட்டிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வருவார்.

"எல்லாம் யூ, கண்ணு!"

"யூ டூ, சிஸ்டர்!"

ஏதோ அவர் ஊர் டாட்டா என்று நினைத்து நான் இப்படித் திருப்பிச் சொல்ல, ஆபீஸே சிரிக்கும். எனக்கு என் நகைச்சுவை மேல் அப்படி ஒரு பெருமை.

அந்தப் புதன்கிழமை மதியம் மூன்று மணி. மறுநாள் தொண்டர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சிஸ்டருக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி. அந்த நேரம் பார்த்துப் புரோகிராம் திக்கித் திணறியது.

"குப்பை சேந்திருக்கும், நகருங்க" என்றேன்.

"பாத்துப் பண்ணு."

"இதுகூடத் தெரியாமலா இத்தன வருஷம் குப்ப கொட்டறேன்?"

கிட்டிடம் ஒப்படைக்காத எல்லாவற்றையும் துடைத்துப்போடுகிற கட்டளையைத் தட்டினேன். சும்மா சொன்னால் அது செய்யாது, வற்புறுத்த வேண்டும். வற்புறுத்தினேன். எதை அழிக்கப் போகிறாய் என்று முதலில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எடிட்டரில் இருந்த பட்டியல் கண் முன்னாலேயே காலியானது.

"கண்ணு, என் ஃபைலெல்லாம் எங்க?"

"பயப்படாதீங்க, கிட்ல இருக்கும்."

திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பதிவு. பதினோரு மாதத்துக்கு முன்னால் நானே போட்ட வரவேற்புக் குறிப்பு. வேறு எதுவும் இல்லை. இந்தக் கட்டளை அழித்தால் குப்பைத்தொட்டியில்கூட விழாது.

"ஒப்படைக்கவே இல்லையா? ஃபைல் பக்கத்துல என்ன எழுத்து இருந்துச்சு?"

"யூதான். தினமும் யூதான்."

"யூன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"அப்லோட் ஆயிடுச்சுன்னுதான். அதுக்கு முதல் எழுத்து யூதானே?"

ஐயோ! அந்த யூ 'அன்டிராக்டு' என்பதன் முதல் எழுத்து, அதாவது 'இந்த ஃபைலை எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். பதினோரு மாதமாகக் கிட் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், அவர் மேல் பாய்ந்தது.

"பதினோரு மாசம்! ஒரு தடவையாவது என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் அழவில்லை. என் பக்கம் திரும்பினார். ஏதோ புரியாத மாதிரி இருந்தது முகம்.

"ஆஸ்பத்திரில ஷிஃப்ட் முடிஞ்சா, எந்த பெட்ல யாரு எப்படி இருக்காங்கன்னு அடுத்த ஆளுகிட்டச் சொல்லாம நாங்க வீட்டுக்குப் போக மாட்டோம், கண்ணு" என்றார். "நான் தினமும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்?"