ஒரு கைப்பிடி எருவுக்காக இரண்டு முறை ஆரணி

ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது தடவையாக ஆரணிக்குப் போய் வந்தேன். பட்டுப் புடவை வாங்கவா என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். புடவை கட்ட வீட்டில் ஆள் இல்லை. நான் போனது எருவுக்கு.

போரூரில் என் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் ஒன்பது கத்திரிச் செடிகள் வைத்திருந்தேன். வேர் அழுகி மூன்று செத்துவிட்டன. மாலையில் வீடு திரும்பினால் நான் பேசுவது இவற்றோடுதான், அதனால் மிச்சம் ஆறையும் விட மனசில்லை. ஆரணி பக்கத்தில் சேவூரில் கஸ்தூரி என்பவர், வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை மக்கிய சாணத்தில் வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் வாங்கி வந்தேன். செடிகள் தேறின. ஆனால் அலுவலக வேலையாக ஒரு வாரம் கோவை போய்த் திரும்பினால், மிச்ச எரு கருவாடாகக் காய்ந்து கிடந்தது. செடிகளும் மறுபடி தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்து சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வந்தது. ஆரணியிலிருந்து சேவூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

கஸ்தூரி தறிக்கூடத்துக்குப் பின்னால், கொட்டகை நிழலில் ஈரச்சாக்கு மூடிய குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “போன மாசந்தானே எடுத்துகினு போனீங்க?” என்றார்.

“ஊருக்குப் போயிருந்தேங்க. காஞ்சு போச்சு.”

“பக்கத்து வூட்டுக்கு ஒரு கை குடுத்திருப்பீங்கல்ல? அங்க வாங்கிக்கினு போட வேண்டியதுதானே? இது தயிருக்கு உறை ஊத்தற மாதிரிங்க. நம்மளுது கெட்டுப்போனா பக்கத்துல கெடைக்கும். இதுக்கு இன்னாத்துக்கு பஸ் ஏறி வந்துகினு, பேஜாரு!”

“பக்கத்துல யாரையும் தெரியாதுங்க.”

“எத்தினி வருசமா இருக்கீங்க?”

“ரெண்டு.”

அவர் சாக்கை விலக்கி எருவை அள்ளினார். இரண்டு கிலோ நிறுத்து எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். பிறகு தனியாக இரண்டு கை அள்ளி, ஒரு பையில் போட்டு, தறியில் அறுந்த பாவு நூலால் கட்டினார். “இது எதிர் வூட்டுக்கு. காசு வாணாம். மறக்காம குடுத்துடுங்க.”

வீடு திரும்பி, வெயில் தாழ்ந்ததும் தொட்டிக்கு இரண்டு கை எரு போட்டுக் கிளறி, தண்ணீர் விட்டேன். மறுநாள் காலை சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, பொட்டலத்தோடு எதிர் வீட்டு மணியை அடித்தேன். என்ன பேசுவது என்று ஒத்திகை வேறு பார்த்திருந்தேன். மூன்றாம் முறை அடித்தபோது படியேறி வந்த வாட்ச்மேன், “அவங்க காலி பண்ணி மூணு மாசம் ஆவுதே சார்” என்றார்.

தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகிறேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: கையோடு ஒரு ஈரத்துணி கொண்டுபோங்கள், பஸ் சூட்டில் எரு காயும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். பூஞ்சைக்கொல்லி மருந்து அடித்த மண்ணில் உடனே போடாதீர்கள், காசு தண்டம். வாங்கிய அன்றே பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.

நாலு செடிகளில் புதுத் துளிர் வந்திருக்கிறது. இரண்டு இன்னும் சந்தேகம்தான். எதிர் வீட்டுப் பொட்டலத்தைத் தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்கிறேன். போரூர்ப் பக்கம் இருப்பவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம். செடி இல்லாதவர்களும் வரலாம்.